அறுந்த நூல் விளையாட்டு

ஆலையின் முதல் சங்கு ஊதும்போது செல்வாம்பாள் சாரம் கிராமத்தை விட்டுப் பாதி தூரம் வந்திருப்பாள். இடுப்பில் நாலு வயது அன்னக்கிளி, கையில் சோற்றுத் தூக்கு, தோளில் இன்னும் ஈரம் காயாத பிள்ளையின் மாற்றுப் பாவாடை. ஐப்பசி மாதக் கடல்காற்று முகத்தில் அடிக்கும். கிழக்கு வெளுக்கிறதற்குள், இரண்டாவது சங்கு ஊதுவதற்குள், ஆலைக் கேட்டைத் தாண்டியாக வேண்டும். முத்தியால்பேட்டை கடக்கிற வரைக்கும் பிள்ளை அவள் தோளில் தலையைப் போட்டுத் தூங்கிக்கொண்டு வரும். இடுப்பு விட்டுப்போகிற அந்தக் கனம் அவளுக்குப் பிடித்திருந்தது. நாள் முழுக்க உழைத்துக் கொட்டுகிறவளுக்கென்று மிஞ்சுவது அந்த ஒன்றரை மைல் தூரம்தான்.

கேட்டுக்குள் நுழைந்ததும் அதுவும் போய்விடும். பிள்ளை கண்ணைத் திறக்கும்போதே "டீச்சரு" என்று திறக்கும். இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடும். திரும்பிப் பார்க்காது. ஒரே ஒரு நாள் திரும்பிப் பார்த்திருந்தால்கூட செல்வாம்பாள் மனசு ஆறியிருக்கும்.

செல்வாம்பாளுக்கு ரீலிங் பகுதியில் நின்றபடி வேலை. நூல் சுற்றிய மரக்கட்டையிலிருந்து நூலை இழுத்து ராட்டுச் சக்கரத்தில் ஏற்றிச் சிட்டம் சிட்டமாகச் சுற்ற வேண்டும். வரிசைக்கு நாற்பது நூல். எது அறுந்தாலும் ராட்டை நிறுத்தி, இரண்டு முனையையும் பிடித்து, எச்சில் தொட்டு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுபடி சுற்றலாம். பத்து மணிக்குள் மூக்கு, காது, புருவம் எல்லாம் பஞ்சு. ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு ஆறுவதற்குள் அதன் மேலேயே அடுத்த கோடு விழும். மேஸ்திரி கோவிந்தசாமி பின்னால் நடந்துகொண்டே இருப்பான். அவனுக்கு வாய் வலித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஆலையில் அப்போது நூற்றிருபது பெண்கள் வேலை பார்த்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை கைப்பிள்ளைகள் எல்லாம் ராட்டுக்கு அடியில்தான் கிடந்தன. கட்டைக் கூடையில் ஒன்று, கால்மாட்டில் சேலைத் தலைப்பால் கட்டிப்போட்டது ஒன்று. கூட வேலை செய்கிற ராஜாம்பாளின் மகன் தவழ்ந்துபோய், ராட்டை ஓட்டுகிற பட்டையைத் தொட்டான். இரண்டு விரல் போயிற்று. அன்றைக்கு நிறுத்திய ராட்டைப் பெண்கள் பதினோரு நாள் தொடவில்லை. அதற்குப் பிறகுதான் கேட்டுக்குப் பக்கத்து ஓட்டுக் கட்டடத்தைப் பிள்ளைகளுக்கென்று விட்டார்கள். பிரெஞ்சுக்காரன் பாஷையில் அது கிரேஷ். அவன் கப்பலேறி நாலு வருஷமாகியும் பெண்கள் வாயில் அது கிரேசு.

அங்கே வந்தவள்தான் புஷ்பமேரி. கன்னியாஸ்திரிகளிடம் செர்த்திபிகா பரீட்சை வரைக்கும் படித்தவள். இருபத்திரண்டு வயது, வெள்ளைச் சேலை, கோபமே வராத முகம். செல்வாம்பாளுக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வரும். கோபப்பட நேரமில்லாமல் இருப்பது வேறு, கோபமே வராமல் இருப்பது வேறு என்று அவளுக்குத் தோன்றும்.

அன்னக்கிளி பேருக்குத்தான் கிளி. மூன்று வயது வரைக்கும் பேச்சில்லை. செல்வாம்பாள் போகாத கோவில் இல்லை. பிள்ளை வாய் திறந்து முழுசாக ஒன்று பேசியது கிரேசில். "எனக்குச் செவப்புக் கட்டை வேணும்." அதை ஓடிவந்து சொன்னதும் புஷ்பமேரிதான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். செல்வாம்பாளும் சந்தோஷப்பட்டாள். ஆனால் பெற்றவள் காதில் விழாத முதல் பேச்சு அது என்று உள்ளே ஒன்று அன்றைக்கே முள்ளாகத் தைத்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாமே உறுத்தல்தான். புஷ்பமேரி பிள்ளைக்கு இரட்டைச் சடை பின்னி நீல ரிப்பன் வைத்து அனுப்புவாள். வீட்டுக்குப் போனதும் செல்வாம்பாள் அதை அவிழ்த்து ஒற்றைச் சடையாகப் பின்னிவிடுவாள். பிள்ளை அழும். அழட்டும் என்றிருப்பாள். புருஷன் வடிவேல் அதே ஆலையின் தறிக்கட்டில் நெசவு வேலை செய்கிறவன். ஒருநாள் கேட்டே விட்டான்.

"சடை நல்லாத்தான இருந்துச்சி? எதுக்கு அவுக்கிற?"

"எம் பொண்ணு தலைய நான் பின்னக் கூடாதா?"

"யாரு வேணாம்னா" என்று அவன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

விஜயதசமி வந்தது. முந்தின நாள் ஆலையில் ராட்டுக்கெல்லாம் சந்தனம் வைத்துப் பூஜை முடிந்திருந்தது. செல்வாம்பாள் புடைத்த பச்சரிசியைத் தாம்பாளத்தில் பரப்பினாள். இதையாவது நான் முதலில் செய்கிறேன் என்று பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து "அ" போட இழுத்தாள். பிள்ளை விரலை உருவிக்கொண்டது. தானாகவே அரிசியில் பெரிசாக ஒரு வட்டம் போட்டது. வட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. கீழே இரண்டு கால்.

"என்னாடி இது?"

"டீச்சரு மண்ணுல போடச் சொல்லும். நான் போடுவேன்."

செல்வாம்பாள் அரிசியைக் கையால் கலைத்தாள். பிள்ளை மறுபடி அதே வட்டத்தைப் போட்டது. சாமி முன்னால் வைத்த அரிசியிலும் அந்த டீச்சர்தான் முந்திக்கொண்டாள் என்று செல்வாம்பாளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் மத்தியானம் கால்கள் தாமாகவே ஆபீசுக்குப் போயின. மேனேஜரைப் பழைய பிரெஞ்சுக்காலப் பழக்கத்தில் எல்லோரும் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். ரீலிங் பெண் யாரும் தனியாக அந்தப் படி ஏறியதில்லை. அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அதிலேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

"பிள்ளைங்களுக்கு என்னாம்மா சொல்லித் தராங்க?"

"ஒண்ணும் இல்ல முசே. சிலேட்டு இல்ல, பிரம்பு இல்ல. மண்ணுல உருள்றது, தண்ணி ஊத்துறது, உடைஞ்ச கட்டைய அடுக்குறது. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வெளையாட்டுதான். அந்தப் பொண்ணும் கூட உக்காந்து வெளையாடுது."

"அப்படியா" என்று அவர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா எழுதினான். அவள் சொன்னதைவிட எழுதியது நீளமாக இருந்தது. டீச்சரைக் கூப்பிட்டுக் கண்டிப்பார்கள், அவ்வளவுதானே என்று நினைத்து, காட்டிய இடத்தில் கட்டை விரலை வைத்தாள். கீழே இறங்கும்போது மனசு லேசாக இருந்தது. அந்த லேசு எட்டு நாள்கூட நிலைக்கவில்லை.

நோட்டீஸ் ஒட்டினார்கள். ராஜாம்பாளுக்குப் படிக்கத் தெரியும். தொழிலாளர் சங்கத்தில் பெண்களுக்காகப் பேசுகிறவள் அவள்தான். கூட்டம் சுற்றி நிற்க வாசித்தாள். தொழிலாளர்களே கேட்டுக்கொண்டபடி, பிள்ளைகளுக்குப் பயன்படாத அந்த அறை ஒன்றாம் தேதி முதல் மூடப்படும். பஞ்சுப் பொதி வைக்க அந்த இடம் தேவைப்படுகிறது. ஆசிரியைக்கு அத்துடன் வேலை இல்லை.

"நம்மள்ல ஒருத்தி கைநாட்டு வெச்சிருக்கா" என்றாள் ராஜாம்பாள். குரலை உயர்த்தவில்லை. "எம் பையன் ரெண்டு வெரலக் குடுத்து வாங்கின எடம்."

செல்வாம்பாள் கட்டை விரலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். கிரேசு இல்லையென்றால் அன்னக்கிளி எங்கே? ராட்டுக் காலில். இல்லாவிட்டால் இவள் வேலையை விட வேண்டும். தன் பிள்ளையோடு சேர்த்து இன்னும் முப்பது பிள்ளைகளைத் தூக்கிப் பட்டைக்கு அடியில் போட்டுவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சாப்பாட்டு மணி அடித்ததும் தூக்கைத் திறக்காமல் கிரேசுக்குப் போனாள். உள்ளே போகத் தைரியம் இல்லை. ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அப்படி நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்க்க நேரம் எங்கே இருந்தது?

உள்ளே ஆலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளை கன்னத்தை உப்பிச் சங்கு ஊதியது. ஒரு பிள்ளை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு மேஸ்திரியாக நின்றது. இரண்டு பிள்ளைகள் உடைந்த கட்டைகளைச் சிவப்பு தனி, பச்சை தனி என்று எண்ணி அடுக்கின. எண்ணிக்கை தப்பினால் அவற்றுக்குள்ளேயே சண்டை. சண்டை தீர்ந்து மறுபடி முதலிலிருந்து எண்ணின. கழிவு நூலை இரண்டு நாற்காலிக் காலுக்கு இடையில் கட்டியிருந்தன. அதுதான் ராட்டு. அதன் முன்னால் அன்னக்கிளி நின்றாள். பாவாடை நுனியால் நெற்றியைத் துடைத்தாள். இடுப்பில் ஒரு கை வைத்து முதுகை நெளித்தாள். நூல் அறுந்தது.

"அறுந்துடுச்சி, எல்லாரும் நில்லுங்க" என்றாள்.

அத்தனை பிள்ளைகளும் அப்படியே நின்றன. சங்கு ஊதிய பிள்ளை உப்பிய கன்னத்தோடு நின்றது. அன்னக்கிளி இரண்டு முனையையும் தேடிப் பிடித்து, எச்சில் தொட்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டாள். ரீலிங் முடிச்சு. புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணுக்கு ஒரு மாசமாகும் அது பழக.

மேஸ்திரிப் பிள்ளை, "ஏய், என்னா பேச்சு அங்க?" என்றது.

"பேச்சு இல்ல மேஸ்திரி. நூலு அறுந்தா நிறுத்தித்தான் ஆவணும்" என்றாள் அன்னக்கிளி. செல்வாம்பாளின் குரல். அதே இழுப்பு, அதே சலிப்பு.

புஷ்பமேரி ஜன்னல் பக்கம் வந்துவிட்டாள். அவள் கண் சிவந்திருந்தது. நோட்டீஸ் அவளுக்கும் வந்திருக்கும்.

"தெனமும் நீங்கதான் அக்கா" என்றாள். "டீச்சரா இரு, மேஸ்திரியா இருன்னா மாட்டேங்கிறா. அம்மாவா மட்டுந்தான் இருப்பாளாம். மண்ணுல படம் போடச் சொன்னா உங்க ராட்டத்தான் போடுவா. வட்டம் போட்டு, உள்ள கோடு போட்டு, ரெண்டு காலு வெச்சி."

செல்வாம்பாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தாம்பாளத்து அரிசி கண் முன்னால் வந்தது. அதைக் கலைத்த கை இதே கைதான். ஆபீசில் விரல் வைத்ததும் இதே கைதான்.

சாயங்காலம் பெண்கள் திரண்டு ஆபீஸ் வாசலில் நின்றார்கள். முசே படிக்கட்டில் நின்றபடியே பேசினார்.

"நான் மூடல. உங்க ஜனமே எழுதிக் குடுத்திருக்கு. வெளையாட்டத் தவுர அங்க ஒண்ணும் நடக்கலன்னு."

"யாரு குடுத்தாங்க?" என்றாள் ராஜாம்பாள்.

"அது ஆபீஸ் விஷயம்."

"ஆபீஸ் விஷயம் இல்ல முசே" என்று செல்வாம்பாள் முன்னால் வந்தாள். "அது என் கைநாட்டு."

முசே அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல. வெளையாட்டுதான். வெளையாட்டுன்னா என்னான்னு எனக்குத் தெரியல. அந்தப் பொண்ணு மேல வயித்தெரிச்சல்ல சொன்னேன். எம் பொண்ணு என்ன வுட்டுட்டு அவகிட்ட ஓடுதேன்னு சொன்னேன். ஆனா எடத்த மூடுங்கன்னு நான் சொல்லல. அத நீங்க எழுதிக்கிட்டீங்க."

"வெச்ச கைநாட்டு வெச்சதுதான்."

ராஜாம்பாள் குறுக்கிட்டாள். "ஒரு கைநாட்டுக்கு மூடுவீங்கன்னா, நூத்தி இருவது கைநாட்டுக்குத் தெறக்கணும் இல்ல முசே?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். கூட்டம் கலையும்போது ராஜாம்பாள் செல்வாம்பாள் பக்கம் திரும்பினாள்.

"உன்ன அறையணும்னு கை துடிக்குதுடி."

"அறைஞ்சிடுக்கா."

"ஒண்ணாந் தேதி மொதச் சங்குக்கு முன்ன புள்ளயோட வந்து வாசல்ல குந்து. மொத ஆளா நீ இருக்கணும்."

ஒன்றாம் தேதி விடிவதற்குள் அவள்தான் முதல் ஆள். கிரேசு வாசற்படியில் பிள்ளையோடு உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் சமாதானமும் சொல்லவில்லை. இடம் விட்டு உட்காராமல் நெருக்கி உட்கார்ந்தார்கள். அதுவே போதுமென்றிருந்தது. வேலை போன புஷ்பமேரியும் கட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். வெளிச்சம் வரும்போது பஞ்சுப் பொதி ஏற்றிய இரண்டு மாட்டுவண்டிகள் எதிரே வந்து நின்றன. இரண்டாவது சங்கு ஊதியது. ரீலிங்கில் ஒரு ராட்டும் சுற்றவில்லை.

முசே மூடி போட்ட கடிகாரத்தைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "அஞ்சு நிமிஷம் தரேன். எழுந்து வேலைக்குப் போறவங்களுக்கு வேலை. மத்தவங்க கேட்டுக்கு வெளிய."

பிள்ளைகளுக்குக் கடிகாரம் எங்கே புரியும்? கூடையைக் கவிழ்த்து ஆலையை ஆரம்பித்துவிட்டன. கட்ட நாற்காலி இல்லாததால், அன்னக்கிளி நூலின் ஒரு முனையைப் புஷ்பமேரி கையில் கொடுத்தாள். முதலில் அவளிடம்தான் போனாள். செல்வாம்பாளுக்குச் சுருக்கென்றது. அவ்வளவு நடந்தும் அந்த முள் இன்னும் அங்கேயே இருந்தது. பிறகு பிள்ளை இவளிடம் வந்து மறுமுனையை நீட்டியது. இவள் வாங்கி, விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்தாள்.

வண்டிக்காரர்கள் முதல் பொதியின் கயிற்றை அவிழ்த்தார்கள். ஒருத்தன் பெண்களைத் தாண்டிக் காலெடுத்து வைக்க வந்தான். அவன் முழங்கால் பட்டு நூல் அறுந்தது.

"அறுந்துடுச்சி" என்று அன்னக்கிளி கையைத் தூக்கினாள். "எல்லாரும் நில்லுங்க."

பிள்ளைகள் நின்றன. வண்டிக்காரனும் என்ன ஏதென்று தெரியாமல் எடுத்த காலை அப்படியே பின்னால் வைத்தான். அந்த அமைதியில்தான் தறிக்கட்டுப் பக்கத்துச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. எப்போதும் ஒரே இரைச்சலாக வருகிற சத்தம் வரிசை வரிசையாகக் குறைந்துகொண்டே வந்தது. வடிவேலின் வரிசை எது என்று செல்வாம்பாளுக்குத் தெரியாது. ஏதோ ஒரு வரிசையில் ஆண்கள் தறியை நிறுத்தினார்கள். அடுத்த வரிசையும் நின்றது.

முசே கடிகாரத்தை மூடினார். "அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சி. எழுந்திரிங்க."

அன்னக்கிளி இரண்டு முனைக்கும் நடுவில் உட்கார்ந்து எச்சில் தொட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"இன்னும் முடிச்சுப் போடல" என்றாள். "அது வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது."

யாரும் எழுந்திருக்கவில்லை.