ஒரு சுற்றுக்கு இரண்டு டக்

வீட்டில் அவளுக்கு "ஆராய்ச்சி" என்றே பேர் விழுந்துவிட்டது. "என்ன ஆராய்ச்சி, சாப்டாச்சா? எப்ப முடியுமாம்?" என்று அம்மா போனில் கேட்பதில் பாசம் பாதி, குத்தல் பாதி. ஐந்தாவது வருடமும் படிப்பு முடியாவிட்டால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

போன வாரம் காற்று திசை மாறியது. அவள் ஒரு பல்சாரைப் பிடித்துவிட்டாள். கலங்கரை விளக்கம் மாதிரி சுழன்று சுழன்று ரேடியோ அலையை வீசும் செத்த நட்சத்திரம். புத்தம் புதுசு. டீச்சரான அக்கா சும்மா இருப்பாளா? தன் பள்ளிக்கூடத்தில் தங்கை பேசப்போவதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

பேச்சுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, ஆய்வகத்துச் சீனியர் அவள் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏற்கெனவே கண்டுபிடிச்சதோட பட்டியல்ல தேடினியாம்மா?"

"தேடிட்டேன்ணா. அந்த இடத்துல இந்த வேகத்துல சுத்துறது ஒண்ணுமே இல்ல."

"பாதி வேகத்துல?"

பையைக் கீழே வைத்தாள். தேடினாள். இருந்தது. அவள் பிறப்பதற்கு முன்பே யாரோ கண்டுபிடித்து வைத்தது. அதன் இரண்டு துருவமும் நம் பக்கம் அலை வீசும்; ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. இந்த மகராசி அதை இரண்டு சுற்றாக எண்ணியிருக்கிறாள்.

"விடும்மா, எனக்கும் நடந்திருக்கு" என்றார் சீனியர். பாவம், ஆறுதல் சொல்கிறாராம்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் யோசித்தாள். சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு எங்கே தெரியப்போகிறது? அக்காவுக்கு போன் போட்டாள். "கேன்சல் பண்ணிடலாமாக்கா?"

"உதை வாங்குவே. பிள்ளைங்க உக்காந்தாச்சு."

ஹாலில் துடிப்பை ஒலியாக்கிப் போட்டாள். டக், டக், டக். ஒரு வாரமாக அவள் போனில் ரிங்டோனே அதுதான். ஒன்று பலமாக, அடுத்தது மெதுவாக விழுவது இப்போதுதான் காதில் ஏறியது. பலமானதற்குக் கை தட்டுங்கள், மெதுவானதற்குச் சும்மா இருங்கள் என்றாள். ஹால் அதிர்ந்தது.

"ஒரு கைதட்டுக்கு ஒரு சுத்து. நான் இதைத் தப்பா எண்ணிட்டேன். இது புது நட்சத்திரம் இல்ல, யாரோ எப்பவோ கண்டுபிடிச்சது. காலையிலதான் தெரிஞ்சுது."

கைதட்டல் நின்றது. அக்காவின் பார்வை சுட்டெரித்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அப்போ உங்களுக்கு டாக்டர் பட்டம் கிடையாதா மிஸ்?"

"கிடைக்கும். கொஞ்சம் லேட்டாகும்."

"எவ்வளவு லேட்டு?"

"ஏம்ப்பா, எங்கம்மா அனுப்பிவச்ச ஆளா நீ?"

ஹால் குலுங்கிச் சிரித்தது.

"மானத்தை வாங்கிட்டியேடி" என்றாள் அக்கா, வாசல்வரை வந்து. சற்றுப் பொறுத்து, "நானும் கை தட்டினேன், அது வேற" என்று தங்கையின் பையைத் தானே தூக்கிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் மடிக்கணினியைத் திறந்தாள். அதே தேடலில் சிக்கிய, உறுதியாகாத 'புதுசு' இன்னும் நாலு ஆய்வேட்டில் இருந்தது. முதலாவதைப் பாதி வேகத்தில் தேடினாள். ஒன்றும் இல்லை. மூச்சு வந்தது. இரண்டாவதைத் தட்டப் போன விரல் அப்படியே நின்றது. பஸ் ஒரு குலுக்கு குலுக்கியது. தட்டினாள்.