பதினோரு பணியிடம், ஒரே எண்

“என் நம்பரை அதுலேருந்து எடுத்துருங்கன்னு திங்கக்கிழமையிலேருந்து நானும்…”

“எடுத்துட்டு அந்தக் கட்டத்துல என்னத்தம்மா போடுறது? காலியா விட்டா…”

“காலியாத்தானே சார் கெடக்கு, பதினோரு எடமும்…”

“செத்த என்னையப் பேச விடுங்க.”

செங்கமலம் விட்டாள். மல்லுக்கு நிற்கத் தெம்பும் இல்லை. கண்காணிப்பாளர் ஆத்மநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸின் கையேட்டுப் பிரிவில் உட்கார்ந்து, மாவட்டத்து அதிகாரிகளின் தொலைபேசிக் கையேட்டைப் பதினாறு வருஷமாகத் தொகுத்து வருகிறவள் செங்கமலம். நீல அட்டை, முந்நூறு பிரதி. அதிகாரிகளின் மேசையோடு சரி. ஆள் இல்லாத பணியிடத்துக்கு நேரே ‘காலி’ என்று அச்சடித்தால் மேலே இருப்பவர்களுக்கு முகம் சுண்டிவிடும். அதனால் அங்கெல்லாம் கையேட்டுப் பிரிவின் எண்ணைப் போட்டுவைப்பது அவள் வருவதற்கு முன்பிருந்தே வழக்கம். பிரிவின் தொலைபேசி செத்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவளுடைய சொந்த செல்போன் எண். கையேட்டைப் புரட்டுகிற அத்தனை அதிகாரிக்கும் சங்கதி தெரியும். அந்த எண்ணைக் கண்டால் அங்கே ஆள் இல்லை. யாரும் கூப்பிட மாட்டார்கள்.

போன மாதம் கையேடு செல்போன் ஆப் ஆயிற்று. கம்பெனிக்காரர்கள் புத்தகத்தில் இருந்ததை இருந்தபடி ஏற்றினார்கள். இது மேசையோடு நிற்கவில்லை. பெயரைத் தொட்டால் போதும், போன் போகும், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டினார்கள். ஜனங்கள் தொட்டார்கள். அவர்களுக்கு அந்தப் பழைய வழக்கம் எப்படித் தெரியும்?

“ஆடு கழியுதுன்னு ஒருத்தர். நிலம் அளக்க எப்ப வாரீங்கன்னு ஒருத்தர். ஹாஸ்டல்ல சோறு வேகலைன்னு ஒரு தகப்பன், என்னைய வார்டன்னு நெனச்சு ஏசுறாரு. எம் மக குவைத்திலேருந்து மூணு நாளா அடிக்கிறா, எப்பவும் பிஸியாம். அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு பக்கத்து வீட்டுக்கு அடிச்சுக் கேக்குறா சார்.”

“நீங்க பாட்டுக்கு எடுக்காம விட வேண்டியதுதானே?”

“விட்டேனே, மொத நாளு. விடாம அடிக்கிறாக. மாடு செத்துப்போகும்னு அழுவுறாக. எங்கிட்டாச்சும் வேற டாக்டர் நம்பரைத் தேடிக் குடுத்துத் தொலைச்சேன். அன்னைக்குப் புடிச்சது.”

ஆத்மநாதன் குரலைத் தணித்தார்.

“நேத்து மீட்டிங்ல என்ன சொன்னாங்க தெரியுமா? மாவட்டத்துலயே ஒழுங்கா போனை எடுக்குறது இந்தப் பதினோரு எடம்தானாம். ஆப்புல பச்சை கலர்ல காட்டுது. மத்த ஆபீஸெல்லாம் செவப்பு.”

“சிரிக்கவா சார், அழுகவா?”

“இன்னொண்ணு இருக்கு.” இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். “இந்த எடத்துக்கெல்லாம் ஆள் போடச் சொல்லி நாம எழுதுனோம்ல. திரும்பிருச்சு. பொதுமக்கள் அழைப்புக்கு உடனுக்குடன் பதில் கிடைக்குது, அதனால இப்ப அவசரமில்லையாம்.”

செங்கமலம் கோப்பைத் திறக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“அப்ப நான் எடுக்குறதுனாலதான் ஆள் வரல.”

“அப்படி நான் சொல்லலம்மா.”

“நீங்க சொல்லல. எழுதியே வந்திருக்கு.” சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “சரி. இன்னையிலேருந்து எடுக்கல.”

“எடுக்கலைன்னா செவப்பாயிரும். ஏன்னு என்னையக் கேப்பாங்க.”

“கேக்கட்டும். காலின்னு சொல்லுங்க.”

“நான் எப்படிச் சொல்றது? பதினாறு வருஷமாக் கையேட்டுல போடாதத இப்ப மீட்டிங்ல சொன்னா, இத்தன நாளு எங்கய்யா போயிருந்தேன்னு கேக்க மாட்டாங்களா?”

போன் அடித்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்ந்தது. திரும்ப அடித்தது. மூன்றாவது தடவை அவள் கை தானாகப் போயிற்று. எடுத்து, அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“டாக்டரம்மா, நாந்தான், மேலக்குளவாய்ப்பட்டி பிரகதாம்பா. காலையில பேசுனேன்ல. மாடு படுத்துருச்சும்மா. கன்னுக்குட்டி காலு மட்டுந்தான் வெளிய தெரியுது. நீங்க குடுத்த நம்பருக்கு அடிச்சா, அவரு விராலிமலையில இருக்காராம், எங்க ஊரு அவரு கணக்குல வராதாம். எங்க டாக்டரு நீங்கதானாம்.”

“ஆத்தா, நான் டாக்டர் இல்லத்தா. ஆபீஸ்ல எழுதுறவ.”

“காலையிலயும் இதத்தான் சொன்னீக. போன்ல டாக்டருன்னுதானே போட்டிருக்கு. மாடு என்னையவே பாக்குதும்மா. எப்பத்தான் வாரீக?”

ஆத்மநாதன் கோப்பின் நாடாவை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். செங்கமலம் போனைத் தூக்கி அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சார், அந்தம்மா லைன்லதான் இருக்கு. டாக்டரு எப்ப வருவாருன்னு நீங்களே சொல்லுங்க.”