கம்பத்துக்கு முன்னால் நண்டுச்சாறு

என் வீட்டுக்காரரின் அக்கா மாசாணியம்மாள், எனக்கு நங்கையா முறை, மூன்று வருசமாக ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். "பாவாத்தா வெக்கற நண்டுச்சாறு அப்படி இருக்கும், இப்படி இருக்கும்னு ஊரே சொல்லுது. நம்ம நாக்குக்குத்தான் எட்ட மாட்டேங்குது!" கல்யாணம், காதுகுத்து, எங்கே பார்த்தாலும் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி இதைச் சொல்வார். அந்தப் பாவாத்தா நான்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் என்ன செய்ய? சித்திரையில் வாய்க்கால் தண்ணீரை நிறுத்தினால்தான் எங்களுக்கு நண்டு. அதே சித்திரையில்தான் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நோம்பி, திருவிழா. கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால் பதினைந்து நாளைக்கு எந்த வீட்டிலும் கவிச்சி கூடாது. நடுகிற நேரத்தில் ஊர் எல்லைக்குள் யார் இருந்தாலும், நோம்பி முடிகிறவரை வெளியூரில் இராத்தங்கவும் கூடாது. வருசா வருசம் நண்டு வருவதற்குள் கம்பம் வந்துவிடும்.

தொண்ணூற்றாறில்தான் தோது அமைந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பம். திங்கட்கிழமையே வாய்க்கால் வற்றிவிட்டது. நண்டு பிடிக்கிற தனபாலிடம் சொல்லி வைத்துவிட்டு, ஓடிப்போய் காங்கயத்தில் இருக்கிற நங்கையாவுக்குப் போன் போட்டேன். மத்தியானம் நண்டுச்சாறு, அஞ்சு மணிக்குப் பொள்ளாச்சி பஸ், அங்கிருந்து காங்கயம். இதுதான் என் திட்டம். வாயை அடைக்கவும் வேண்டும், ஆளை அனுப்பவும் வேண்டும்.

கம்பத்துக்கு முன்னால் அதுதான் கடைசி பஸ். அதை விட்டால் என் கதி என்ன? நங்கையா நல்ல மனுசிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோலம் கோணல், குழம்பில் உப்பு தூக்கல், புள்ளைக்குத் தலை சீவின லட்சணத்தைப் பாரு என்று பதினைந்து நாள் கேட்டால் நான் மூன்றாம் நாளே பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். கிளம்பவும் முடியாது. எனக்கும் அதே கட்டுப்பாடுதானே!

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நங்கையா வந்து இறங்கினார். கூடவே ஒரு பை. பையா அது, மூட்டை.

"ஏனுங்க நங்கையா, ஒரு நேரத்துச் சோத்துக்கு இத்தாம்பெரிய பையுங்களா?"

"நண்டு தின்னா சேலையெல்லாம் சாறு தெறிக்கும் கண்ணு. மாத்துச் சேலை வேண்டாமா?"

கவிச்சி என்றால் எங்கள் வீட்டில் கொல்லைப்புற அடுப்புதான். நண்டுகளைப் பெரிய போசியில் போட்டு, மேலே முறத்தைக் கவிழ்த்து, முறத்தின்மேல் அம்மிக் குழவியை வைத்திருந்தேன். "நீ போயி வெங்காயத்தை உரி அம்மணி, நான் இதைப் பாத்துக்கறேன்" என்றார் நங்கையா. வெங்காயத்தோடு திரும்பி வந்தால் போசி காலி. கொல்லை முழுக்க நண்டு.

"அந்தக் கருப்புப் பூனை தள்ளி உட்டுருச்சு!" என்றார்.

குழவி சுவரோரம் ஒழுங்காகச் சாத்தி வைத்திருந்தது. பூனைக்கு இவ்வளவு பொறுப்பா என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தேங்காய்மட்டைக் குவியலுக்குள் ஒன்று, சாக்கடை ஓரம் இரண்டு என்று பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் தம்பிதுரை, "ஐயோ ஆத்தா!" என்று அலறினார். கோயில் கமிட்டிக்காரர், விரதம் இருக்கிறவர். மஞ்சள் வேட்டி கட்ட வந்த மனுசனின் கால் கட்டைவிரலை ஒரு நண்டு பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"விரதக்காரன நண்டு கடிச்சா குத்தமாகுமா அக்கா?" என்று ஒற்றைக் காலில் குதித்தபடியே கேட்டார்.

"அதுதானே தம்பி உன்னைக் கடிச்சுது? நீ அதைக் கடிக்கலயே!" என்று நங்கையா அதைப் பிடுங்கிப் போசியில் போட்டார். என் வீட்டுக்காரர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, எங்கள் இருவரையும் முறைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினார்.

எண்ணிப் பார்த்தேன், பத்து. போதும் என்று அடுப்பைப் பற்ற வைக்கப் போனால் நங்கையா விடவில்லை. "பதினொண்ணு இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். ஒண்ணு உள்ளே கிடந்து செத்து நாறுச்சுன்னா? நோம்பி ஊட்டுல கவிச்சி நாத்தம்! ஊர்ல என்ன பேசுவாங்க?"

ஊர்ப் பேச்சுக்குப் பயந்து வீட்டையே தலைகீழாக்கினோம். நெல் மூட்டையைப் புரட்டினோம், கட்டிலைத் தூக்கினோம், பீரோவை நகர்த்தினோம். மூன்றரை மணிக்குத் தனபால் அந்த வழியாக டிவிஎஸ்ஸில் வந்தான். கேட்டேன். "நான் குடுத்ததே பத்துத்தானுங்க அக்கா!" என்றான்.

நங்கையா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வயசாச்சு, கண்ணு தெரியல" என்றார்.

வந்த கோபத்தில் நான் அரைத்த அரைப்பில் மிளகும் மல்லியும் தேங்காயும் வெண்ணெயாகிவிட்டன. ஓட்டைக் கழற்றி, சின்னக் கால்களை இடித்துச் சாறு பிழிந்து ஊற்றி, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொதிக்கவிட்டேன். கோபத்தில் வைத்தாலும் வாசம் தெருமுனைவரை போனது. நாலரைக்கு இலை போட்டேன்.

"பஸ்ஸுங்க நங்கையா" என்றேன்.

"நண்டை அவசரமாத் தின்னா தொண்டையில குத்தும்" என்று ஒரு காலை எடுத்துக் கடித்து, உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டார். "ஊர் சொன்னது பொய்யில்ல கண்ணு" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மூன்று வருசம் காத்திருந்தேன். ஆனால் என் காதெல்லாம் ரோட்டில்தான் இருந்தது. அஞ்சு மணிக்குப் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. நங்கையா மூன்றாவது காலில் இருந்தார்.

"தனபால் வண்டியில ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் உடச் சொல்லட்டுங்களா?"

"எச்சக்கையோடவா?"

கடைசி ஓட்டை அவர் கீழே வைத்து முடிக்கவும், கோயில் பக்கம் தப்பட்டை அதிரவும் சரியாக இருந்தது. கம்பம் நட்டாயிற்று! நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நங்கையா கை கழுவி, குளித்து, பையைத் திறந்தார். மேலாக ஒரு புது மஞ்சள் சேலை. அதற்குக் கீழே சேலை, சேலை, சேலை.

"நங்கையா! குழவியை நகர்த்தினது..."

"பூனை இல்ல" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருசமாச்சு கண்ணு, பொறந்த ஊரு கம்பத்துக்கு ஒரு குடம் தண்ணி ஊத்தி. ஒரு ராத்திரி தங்கறேன்னா, எருமை கறக்க ஆளில்லம்பாரு எங்கூட்டுக்காரரு. நான் சொன்னா கேக்கற ஆளா அவரு? மாரியாத்தா சொன்னாக் கேட்டுத்தானே ஆகோணும்!"

அவர் கண் நிறைந்திருந்தது. திட்டலாம் என்று வாயெடுத்தவள், மஞ்சள் சேலையைக் கட்டச் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஊர்க் கடைப் போனில் அவர் வீட்டுக்காரர் சென்னிமலை அண்ணனைக் கூப்பிட்டேன். கத்து கத்தென்று கத்தினார். "கம்பம் நட்டாச்சுங்க அண்ணா" என்றேன். சத்தம் சட்டென்று அடங்கியது.

"ஆத்தா கட்டுப்பாடுன்னா சரிதான் அம்மணி" என்று மெதுவாகச் சொன்னார். "எருமை அவ சேலையைப் பாத்தாத்தான் பால் உடும். அதுக்குத்தான் ஒண்ணைச் சுத்திக்கிட்டுக் கறக்கலாம்னு ஊடெல்லாம் தேடறேன். ஒரு சேலைகூடக் காணோமே?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு நங்கையாவைப் பார்த்தேன். மஞ்சள் சேலையில் நின்று, வாயைத் துணியால் மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"துவைக்கப் போட்டிருப்பாங்களாட்டம் இருக்குதுங்க அண்ணா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கோயிலுக்குப் போகிற வழியில் நங்கையா என் தோளில் கை போட்டார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத கண்ணு. சாறுல உப்பு ஒரு கல்லு தூக்கல்."