வீரம்மாவின் பதினொரு ராத்தல்

1

இதனால் சகலமான தமிழ் மக்களுக்கும், குறிப்பாக ஈப்போ, பத்து காஜா வட்டாரத்து வாசகப் பெருமக்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு, மலாயாவில் பத்து காஜாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், மனித வரலாற்றையே புரட்டிப்போட்டிருக்க வேண்டிய சம்பவம் ஒன்று நடந்தது. தோட்டத்து ஆட்கள் அனைவரும் எடை போடப்பட்டார்கள். வரலாறு புரளவில்லை. அது வேறு விஷயம்.

இத்தகைய மகத்தான கதை எங்கே பிறந்தது என்பதை மறைக்கக் கூடாது. இதை எழுதுகிறவனின் தொப்பையில் பிறந்தது. போன மாதம் ஈப்போவில் ஒரு கிளினிக்கில், "ஏறி நில்லுங்க அங்கிள், செருப்பைக் கழட்டிட்டுலா" என்றாள் அங்கிருந்த பெண். ஏறினான். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்த டாக்டர், "வெயிட் லூஸ் பண்ணணும்" என்றார்.

வினோதமான பாஷை. குடையை லூஸ் பண்ணலாம். பந்தயத்தை, வழியை, பொறுமையை, பெற்ற தாயை, எல்லாவற்றையும் அதே சொல்லால் லூஸ் பண்ணலாம். நாம் குடையைத் தொலைக்கிறோம், பந்தயத்தில் தோற்கிறோம், பொறுமையை இழக்கிறோம். எடையைத் தொலைத்ததாக யாரும் போலீசில் புகார் கொடுத்ததில்லை. வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வி மட்டும் பேருந்தில் கூடவே வந்தது. ஒருவருடைய எடையை வேறொருவர் தொலைத்துவிட முடியுமா?

2

முதல் தொடக்கம்: "பால்மரங்களுக்கு நடுவே பனி மெல்ல விலகிக்கொண்டிருந்த அந்த அதிகாலை—"

வேண்டாம். இந்தப் பேராக் மாநிலத்தைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருவரும் இந்தப் பனியை ஒருமுறை விலக்கியாகிவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: "கல்நெஞ்சன் அருளம்பலம் தன் மீசையை—"

இதுவும் வேண்டாம். கல்நெஞ்சனாக இருந்திருந்தால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

ஆகவே நேராக: அருளம்பலம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், அந்தத் தோட்டத்தின் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. பதினொரு ஆண்டுகளாகத் தராசுக் கொட்டகையில் எடை எழுதுகிறவர். பெரிய கிராணியின் நாற்காலி காலியாகப் போகிறது என்பதால், சில மாதங்களாக நடக்கும்போதுகூடக் கொஞ்சம் உட்கார்ந்திருப்பதுபோலவே நடந்தார். ஆங்கிலச் சொற்களை எழுதிவைக்கும் நீலநிற நோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. 'வெயிட்' என்ற சொல்லுக்கு அதில் ஆறு அர்த்தங்கள்: எடை, பாரம், தராசுக் கல், மனச்சுமை, முக்கியத்துவம், செல்வாக்கு. 'மேன் ஆஃப் வெயிட்' என்றால் நாலு பேர் மதிக்கும் மனிதர். அந்த வரிக்குப் பக்கத்தில் தம் கையெழுத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்திருந்தார்.

(இந்த மனிதரை வெறுக்கச் சொல்கிறீர்களா? இதை எழுதுகிறவனும் தன் முதல் புத்தகம் வருவதற்கு முன்பே கையெழுத்துப் பழகியவன்தான்.)

3

அந்த ஆண்டு ரப்பர் விலை விழுந்து கிடந்தது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஓர் உத்தரவு போட்டார். எல்லாரையும் எடை போட வேண்டும். எண்பது ராத்தலுக்கு, அதாவது பவுண்டுக்கு, குறைந்த பெண்களும் தொண்ணூற்றைந்துக்குக் குறைந்த ஆண்களும் வேலைக்கு லாயக்கற்ற பலவீனர்கள். அவர்களைப் பினாங்கில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

மனிதர்களுக்கென்று தோட்டத்தில் தராசு கிடையாது. இருந்தது ரப்பரை நிறுக்கும் தராசு ஒன்றுதான்: கீழே பலகை, மேலே கோடு போட்ட இரும்புச் சட்டம், அதில் நகர்த்துவதற்கு ஒரு குண்டு. அந்தப் பலகையில் என்ன ஏறினாலும் அதில் தண்ணீர் இருக்கும். புகைக்கூடத்தில் காய்ந்தால் இளைத்துவிடும். ஆகையால் குண்டு காட்டுகிற எடையில் எட்டில் ஒன்றை ஈரத்துக்கென்று கழித்து மிச்சத்தை எழுதுவது அங்கே வழக்கம்.*

பதினொரு ஆண்டாக அருளம்பலத்தின் கண் பார்க்கும், கை கழிக்கும். மூளையைத் தொந்தரவு செய்வதில்லை. எடை போட்ட அன்றும் அப்படித்தான். ஆட்களை மேய்க்கும் சன்னாசி கங்காணி பெயரைக் கூப்பிட்டார். ஆள் ஏறியது. குண்டு நின்றது. கண் பார்த்தது. கை கழித்தது. சாயங்காலத்துக்குள் நூற்று நாற்பது பேரும் ஈரம் போகக் காய்ந்து, அழகான ஆங்கில அறிக்கையாகத் துரையின் மேஜைக்குப் போய்விட்டார்கள். 'லாஸ் ஆஃப் வெயிட்' என்று தலைப்பிட்டு, கீழே இருபத்துமூன்று பெயர்கள்.

*எட்டில் ஒன்று என்பது இந்தக் கதையின் தோட்டத்தில். உங்கள் தோட்டத்தில் வேறு கணக்கு என்று கடிதம் எழுத வேண்டாம்.

4

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்தி ஆஜர் எடுக்கும்போது, பெயர்கள் வாசிக்கப்பட்டன. மதியம், பால் வெட்டும் வீரம்மா வாளியைக்கூட வைக்காமல் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அவள் பெயர் பட்டியலில் இருந்தது. அவள் புருஷன் மாயாண்டியின் பெயர் இல்லை.

"ஐயா, எனக்கு எம்புட்டு எழுதியிருக்கீங்க?"

"எழுபத்தேழு."

"இல்லீங்க. எண்பத்தெட்டு."

அருளம்பலம் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "உனக்கு வாசிக்கத் தெரியுமோ?"

"எழுத்துத் தெரியாதுங்க. கோடு தெரியும். எண்பதுக்குப் பெரிய கோடு. அதைத் தாண்டி எட்டாவது கோட்டுல குண்டு நின்னுச்சு. தினம் என் பாலு அதுலதானே ஏறுது, பாக்காம இருப்பேனா?"

"ஈரம் கழிச்சு எழுதுறதுதான் வழக்கம்" என்றார் அருளம்பலம். வாய் சொல்லி முடித்த பிறகுதான் காதுக்குக் கேட்டது.

வீரம்மா குனிந்து தன் சேலையைப் பார்த்துக்கொண்டாள்.

"நேத்து மழையே இல்லீங்களே ஐயா."

அவர் நோட்டைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அவரை இங்கே வச்சுக்கிட்டு என்னை மட்டும் கப்பல்ல ஏத்துனா, அங்கே எனக்கு யாருங்க இருக்கா? அந்தப் பதினோரு ராத்தலு என்னோடது. எடுத்தது நீங்க. குடுத்துருங்க, வாரேன்."

வாளியோடு போய்விட்டாள்.

(இந்த இடத்தில் வீரம்மாவுக்கு இறந்துபோன குழந்தை ஒன்றைக் கொடுக்கலாம் என்று பேனா துடித்தது. ஆங்கிலத்தில் குழந்தையையும் லூஸ் பண்ணலாம் அல்லவா, எவ்வளவு பொருத்தம்! வாசகர் கண்ணீருக்கு உத்தரவாதம். கொடுக்கவில்லை. அவளுக்கு இருக்கிற பாரம் போதும்.)

5

மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்த அருளம்பலத்துக்கு மனைவி பூமணி சோறு போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சோற்றைக் குவித்தார், பரப்பினார்.

"என்ன, சோத்தையும் நிறுக்கிறியளோ?"

"நான் ஒரு பிழை விட்டிட்டன்."

சொன்னார். இருபத்துமூன்று பேரில் உண்மையாகவே எடை குறைந்தவர்கள் ஆறு பேர்தான் என்பதையும் சொன்னார். கழிப்பதற்கு முந்தைய எடைகளைக் கங்காணி குறித்திருந்த கொட்டகைச் சிலேட்டு அழியாமல் இருந்தது; அதைப் பார்த்து எண்ணிவிட்டு வந்திருந்தார்.

"அப்ப துரையிட்டச் சொல்லுறதுதானே."

"என்னெண்டு சொல்லுறது? ஆக்களை ரப்பர் மாதிரிக் காயவைச்சிட்டன் எண்டோ? துரைமாற்ற கிளப்பில சிரிப்பாங்கள். பெரிய கிராணி வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

"இங்கிலீசில சொல்லுங்கோவன். எங்களையெல்லாம் அதாலதானே பயப்பிடுத்துறனீங்கள்."

அவர் மேஜைக்குப் போனார். 'டியர் சார்' வரைக்கும் பிரமாதமாக வந்தது. எடை லாஸ் ஆகிவிட்டது என்று எழுதினார். ஆட்கள் இளைத்துவிட்டதுபோல இருந்தது. அடித்தார். எடை லாஸ்ட் என்று எழுதினார்; வழியில் எங்கோ விழுந்துவிட்டதுபோல, தேடினால் கிடைத்துவிடும்போல இருந்தது. அடித்தார். நீல நோட்டைப் புரட்டினார். தொலைப்பதற்கும் தோற்பதற்கும் நஷ்டத்துக்கும் சாவுக்கும் அதில் வரி இருந்தது. ஒரு கிராணி, தன் கையால், வீரம்மா என்கிற பெண்ணிடமிருந்து பதினொரு ராத்தலை எடுத்துக்கொண்டதற்கு வரி இல்லை.

பூமணி எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு நேரமா என்ன எழுதுறியள்?"

"சொல் தேடுறன்."

"அவள் ஒரு சொல்லும் தேடேல்லையே."

6

இனி முடிவு. மூன்று இருக்கின்றன.

ஒன்று: அருளம்பலம் போய்ச் சொல்கிறார், துரை மனமுருகி அறிக்கையைக் கிழிக்கிறார். இதை எழுதும்போது இதை எழுதுகிறவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு: அவர் வாயைத் திறக்கவில்லை. பெரிய கிராணி ஆகிறார். பத்து காஜா ரயில் நிலையத்தில் வீரம்மாவைப் பார்த்து, இல்லாத கடிகாரத்தைப் பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பார்க்கிறார். நம்பும்படியாக இருக்கிறது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

மூன்று: மறுபடி எடை போட உத்தரவாகிறது. இருபத்துமூன்று பேரும் ஆற்றில் முங்கி, சொட்டச் சொட்ட வந்து தராசில் ஏறுகிறார்கள். "இப்பக் கழிங்க ஐயா" என்கிறாள் வீரம்மா. மேடையில் போட்டால் கைதட்டல் ஐந்து நிமிடம் நிற்காது. அப்படி நடந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்று மாலை நான்கு மணிக்கு அருளம்பலம் கோட்டை மாட்டிக்கொண்டு துரையின் பங்களாப் படியில் மூன்றாவது படிவரை ஏறினார். சட்டைப் பையில் கடிதம் இல்லை. கிழித்த காகிதங்கள் வீட்டில் கிடந்தன. வாய்க்குள் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது, வீரம்மா சொன்னது: 'எடுத்தது நீங்க.' இன்னும் இரண்டு படி. அந்த இரண்டையும் வாசகரிடம் ஒப்படைக்கிறான் இதை எழுதுகிறவன். அவரை ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் பொறுப்பு. நீங்கள் நியாயமானவர், ஏற்றித்தான் விடுவீர்கள், அவரும் சொல்லிவிடுவார், அந்த ஒரு வாக்கியத்துக்கு இருக்கிற கனத்தைத் தோட்டத்தில் எந்தத் தராசும் தாங்காது என்று இதை எழுதுகிறவனும் ஓர் உருக்கமான பத்தி எழுதித் தயாராக வைத்திருக்கிறான்.

நாகப்பட்டினம் கப்பலில் துரை கேட்ட இருபது இடங்கள், எடை போடுவதற்கு முந்தின வாரமே பதிவாகியிருந்தன.