பட்டு மாமியின் புள்ளி

ஒரு பொருளை ஒருவர் வாங்கினால் அடுத்தவர் எப்படி வாங்குகிறார் என்பதைக் கணினியில் மாதிரியாக நடத்திப் பார்ப்பதுதான் ஜெயந்தின் வேலை. திரையில் ஆளுக்கொரு புள்ளி. வேடிக்கைக்காகத் தன் துவாரகா குடியிருப்புக்காரர்களின் பெயர்களையே அவற்றுக்கு வைத்திருந்தான்.

கறிவேப்பிலை கொடுக்க வந்த எதிர்வீட்டுப் பட்டு மாமி தன் பெயரைப் பார்த்துவிட்டாள். பக்கத்திலேயே, ‘யார் எதைச் சொன்னாலும் வாங்கிவிடுவாள்’ என்ற குறிப்பு. போன மாதம் அவள் வாங்கிய, காற்றைச் சுத்தம் செய்யும் ஏர் ப்யூரிஃபையரை நினைத்து எழுதியது. மடிக்கணினியை மூடப் போன அவன் கை பாதியில் நின்றது.

“எத்தனையோ பேர் சொன்னா, வாங்கலை. இந்தப் புகைக் காத்துக்கு அது வேணும்னு நீ சொன்னே, வாங்கினேன்” என்றாள் மாமி. கறிவேப்பிலையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அவன் திரையில் தன் பெயரைத் தேடினான். அத்தனை புள்ளிகளில் ஜெயந்த் என்று ஒன்றுகூட இல்லை.