வாங்கிய விலை

"உங்கப்பா இந்தக் கம்பெனிப் பங்கையெல்லாம் என்ன விலைக்கு வாங்குனாரு, மார்லா?" என்று கேட்டாள் வரிக்கணக்கு எழுதும் பெக்கி.

"அவர் செத்த அன்னிக்கு இருந்த விலையைப் போட்டாப் போதும்னாங்களே?"

"அது செத்தப்புறம் கைக்கு வந்தாத்தான். உயிரோட இருக்கப்பவே உனக்கு எழுதிக் குடுத்துட்டாரே. அவர் வாங்குன விலைதான் உனக்கும். நீ வித்த பணத்துல அது போக மிச்சம் பூராவும் லாபம், அதுக்கு வரி." பெக்கி தாளைப் புரட்டினாள். "சாகுறதுக்குப் பத்தொம்பது நாள் முன்னாடி. கொஞ்சம் பொறுத்திருந்தா வரியே வந்திருக்காது."

பொறுத்திருந்தால் உயிலின்படி பாதி தம்பி டுவேனுக்குப் போயிருக்கும். அவன் மாடுகளுக்குத் தீனி வைக்கப் போயிருந்த மதியம், மருத்துவமனைக் கட்டிலில் அப்பாவின் விரல்களுக்குள் பேனாவைச் செருகி, நழுவாமல் பிடித்துக்கொண்டது மார்லாவின் கைதான்.

"அவர் வாங்குன சீட்டு கிடைக்கலேன்னா?"

"வாங்குன விலை பூஜ்யம்னு போடணும். முழுசுக்கும் வரி. தேடிப் பாரு."

அன்றே பண்ணை வீட்டுக்குப் போனாள். அயோவாவில் மார்ச் மாதம். முற்றமெல்லாம் உருகிய பனிச் சேறு. அப்பாவின் மேசையில் மேல் இழுப்பறையிலேயே சீட்டு இருந்தது. 1984 ஆகஸ்ட். அதோடு மாவட்டச் சந்தையின் ரசீது ஒன்றும் குத்தப்பட்டிருந்தது: காளை ஒன்று, விற்றவர் டுவேன், வயது பன்னிரண்டு. இரண்டிலும் ஒரே தொகை. ஓரத்தில் அப்பாவின் கோணல் எழுத்து: 'டுவேனுக்கு.'

அந்தக் காளையை அவன் கன்றிலிருந்து வளர்த்தான். ஏலம் முடிந்ததும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றான். அப்பா வந்து பிரித்தெடுத்தார். பணம் என்னவாயிற்று என்று அவன் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

பின்கதவு திறந்தது. டுவேன், சேற்றுக் காலணிகளை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"என்ன தேடுற?"

"அப்பா பங்கு வாங்குன சீட்டு. அது இல்லாட்டி வரி ஏகத்துக்கு வருமாம்."

"கிடைச்சுதா?"

சீட்டோடு மேலங்கிப் பைக்குள் போயிருந்த அவள் கை அங்கேயே நின்றது. "இல்ல."

"அப்பா ஆசையா உனக்குக் குடுத்தது. அதைப் போயி அரசாங்கத்துக்கா அழுவ? தள்ளு, நான் பாக்குறேன். அந்த மனுஷன் ஒரு காகிதத்தைத் தூக்கிப் போட்டதில்ல."

"வேண்டாம், டுவேன். நேரமாச்சு."

"சும்மா இரு."

முட்டி நெட்டி முறிய மண்டியிட்டு, அடி இழுப்பறையை அப்படியே உருவித் தரையில் வைத்தான். ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாக எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசையப் படிக்கத் தொடங்கினான்.