நடுத்துண்டு

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், காலை ஆறு பத்து. வட்டக்கச்சியில் யோகநாதனின் வயல் பச்சையாக நின்றது. நடுத்துண்டு மட்டும் பழுத்திருந்தது.

புரட்டாசிக் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் கமலாசனி, மூன்று மாதத்தில் விளையும் புது நெல்லைப் பற்றிப் பேசியிருந்தார். படம் காட்டினார். துண்டுப்பிரசுரம் கொடுத்தார். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவரான யோகநாதன் எழுந்தார்.

“உந்த நெல் என்ர வயலில விளைஞ்சால் நான் தலைவர் கதிரையை விடுறன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் விதை எடுக்கவில்லை. கூட்டத்தில் கொடுத்த வடையின் எண்ணெயைப் பிரசுரத்தில் ஒற்றினார்கள்.

கமலாசனி வாதாடவில்லை. மறுநாள், யோகநாதன் இல்லாத நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனார். மனைவி விமலேஸ்வரி தேத்தண்ணி கொடுத்தார்.

“விதைநெல்லை ஊறப்போட்டு முளைகட்டுறது ஆர் அக்கா?”

“முப்பது வருசமா நான்தான். இவர் வீசுறதோட சரி.”

“முளைச்சாப் பிறகு இவருக்கு இனம் தெரியுமோ?”

விமலேஸ்வரி கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். கமலாசனியின் ஸ்கூட்டரில் வந்த அரைமூடைப் புது விதை திரும்பிப் போகவில்லை. ஐப்பசியில் யோகநாதன் அதைத் தன் கையாலேயே நடுத்துண்டில் வீசினார்.

இப்போது வரம்பில் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

“நோய் பிடிச்சிட்டுது,” என்றார் யோகநாதன்.

பக்கத்து வயற்காரன் சுமன் நாலு நெல்லை உருவிக் கடித்தான்.

“உது நோயெண்டால் தலைவர், என்ர வயலுக்கும் அந்த நோய் வேணும்.”

கமலாசனியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் விமலேஸ்வரி தேத்தண்ணிப் போத்தலோடு வந்தார். யோகநாதன் மனைவியைப் பார்த்தார். அவர் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த கோப்பைகள்.

யோகநாதனுக்கு விளங்கிவிட்டது. மனைவி ஏமாற்றிவிட்டாள் என்றால் அடுத்த போகம் வரை சிரிப்பார்கள். தெரிந்தே விதைத்தேன் என்றால் கதிரை போகும். தொண்டையைச் செருமினார்.

“நான்தான் விதைச்சனான். தலைவரெண்டால் முதல்ல தன்ர வயலில சோதிக்கவேணும்.”

“அப்ப கதிரை?” என்றான் சுமன்.

“சோதனைக்கு விதைச்சது அதில சேராது.”

“அதுவும் சரிதான்,” என்றது ஒரு குரல். இரண்டு பேர் தலையாட்டினார்கள். யோகநாதன் மீசையைத் தடவினார்.

கமலாசனி குறிப்புக் கொப்பியைத் திறந்தார்.

“சந்தோசம் அண்ணை. எனக்கு வேலை மிச்சம். இவையளுக்கு நீங்களே சொல்லிக்குடுங்கோ.”

எட்டுப் பேரும் கிட்ட வந்தார்கள். விமலேஸ்வரி தேத்தண்ணி ஊற்றுவதை நிறுத்தினார்.

“முதல்ல,” என்றார் கமலாசனி, “இந்த விதையை எத்தினை மணித்தியாலம் ஊறப்போட்டனீங்கள்?”